பச்சைக் களிம்பு: கப்பல் ஆணியில தொடங்கி நம்ம கார் ஹெட்லைட் வரைக்கும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கார் கண்ணடிச்ச கதையில ஆரம்பிக்குது.

எங்க அப்பாகிட்ட 2002 மாடல் கார் ஒண்ணு இருக்கு. என் தங்கச்சி பிறந்த மூணாம் நாள் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தது அந்தக் கார்லதான். வீடு திருவான்மியூர்ல, கடல்ல இருந்து நடந்து போற தூரம். கார் ஷெட்டெல்லாம் கிடையாது, தெருவுலதான் நிக்கும். 2015 டிசம்பர் மழையில சக்கரம் பாதி முழுகி ரெண்டு நாள் நின்னுச்சு. அதுக்கப்புறமும் ஓடிச்சு.

போன வருஷம் ஐப்பசி மாசம், ராத்திரி, ஈ.சி.ஆர்ல வந்துக்கிட்டு இருக்கேன். இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன். அது டிக் டிக்னு அடிக்க அடிக்க, இடது ஹெட்லைட்டும் சேர்ந்து மங்குது, எரியுது, மங்குது. கார் கண்ணடிக்குதுன்னு பக்கத்துல இருந்த ஃப்ரெண்ட் சிரிச்சான். அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள ரோட்டோரத்துல படுத்திருந்த ஒரு மாடு பத்தடி தூரத்துல தெரிஞ்சுது. பிரேக் பிடிச்சுது, மாடும் நாங்களும் தப்பிச்சோம். ஆனா அந்த லைட்டை நம்பி இனிமே ராத்திரியில ஓட்ட முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு.

முதல் ஒர்க்‌ஷாப்ல பல்பை மாத்தினாங்க. ரெண்டாவது இடத்துல ரிலேயும் பேட்டரியும் மாத்தினாங்க. மூணாவது இடத்துல, "வயரிங் மொத்தமும் போயிடுச்சு சார், இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு பண்றது வேஸ்ட், எடைக்குப் போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அப்பா ரெண்டு நாள் யாரோடயும் சரியாப் பேசல.

கடைசியா புதுப்பேட்டையில ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனோம். அவர் எதையும் கழட்டல. நீளமா ஒரு ஒத்தை வயரை எடுத்தார். ஒரு முனையை பேட்டரி மைனஸ்ல வச்சார், இன்னொரு முனையை ஹெட்லைட்டுக்குப் பின்னாடி இருக்கிற கறுப்பு வயர்ல குத்தினார். லைட் பளீர்னு வெள்ளையா எரிஞ்சுது. "தம்பி, கரண்டு போற வழி நல்லாத்தான் இருக்கு. திரும்பி வர்ற வழிதான் அடைச்சிருக்கு"ன்னார்.

கார்ல ஒவ்வொரு லைட்டுக்கும் ப்ளஸ் வயர் மட்டும்தான் தனியா ஓடும். திரும்பி வர்றதுக்கு காரோட இரும்பு பாடியே வயர். பாதி செம்பு மிச்சம் பண்ற பழைய ஏற்பாடு இது. அந்தக் கறுப்பு வயரோட முனையில ஒரு சின்ன வளையம் இருக்கும், அதை ஒரு போல்ட் வச்சு பாடியில முடுக்கியிருப்பாங்க. இதைத்தான் எர்த் பாயின்ட்ம்பாங்க. ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் ஒரே எர்த் பாயின்ட்ல திரும்புதுன்னா, அந்த இடம் அடைச்சிருக்கும்போது ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். அதுதான் அந்தக் கண்ணடிப்பு.

அவர் அந்த போல்ட்டைக் கழட்டிக் காட்டினார். வளையத்தைச் சுத்திப் பச்சைப் பொடி. ஆனா வளையம் பெரும்பாலும் முழுசாத்தான் இருந்துச்சு. போல்ட்டும் அதுக்கு அடியில இருந்த இரும்புத் தகடும்தான் அரிச்சு, இலை இலையா உதிர்ந்துச்சு. அதை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டேன். இது ஏன் இப்படி ஆச்சுன்னு தேடிப் படிக்கப் போய், 1763ல ஒரு பிரிட்டிஷ் கப்பல்ல போய் நின்னேன்.

கப்பல் பேரு எச்.எம்.எஸ். அலாரம். 32 பீரங்கி வச்ச போர்க்கப்பல். அந்தக் காலத்து மரக் கப்பலுக்குப் பெரிய எதிரி பீரங்கி இல்ல, மரத்தைத் துளைக்கிற கப்பல்புழு. வெப்பமான கடல்ல அது கப்பலோட அடிப்பக்கத்தைச் சல்லடையாக்கிடும். அதனால 1761ல இந்தக் கப்பலோட அடியில செப்புத் தகடு அடிச்சுப் பார்த்தாங்க. அடிச்சது இரும்பு ஆணி வச்சு. கப்பல் கரீபியன் பக்கம் போய் ரெண்டு வருஷம் சுத்திட்டுத் திரும்பி வந்துச்சு. பார்த்தா, செப்புத் தகடு நல்லாயிருக்கு, புழுவும் இல்ல. ஆனா ஆணிகள் கரைஞ்சு, பல இடத்துல தகடு பிடிப்பில்லாம கழண்டு நிக்குது.

இதுல ஒரு விஷயம்தான் என்னை உட்கார வச்சுது. எல்லா ஆணியும் கரையல. அந்தச் செப்புத் தகடுகள் பழுப்புக் காகிதம் சுத்தி வந்திருக்கு. சில இடத்துல அந்தக் காகிதத்தைக் கிழிக்காம அப்படியே அடிச்சிருக்காங்க. காகிதம் நடுவுல இருந்த இடத்துல மட்டும் ஆணி அப்படியே இருக்கு. அப்போ கடற்படை ஒரு முடிவுக்கு வந்துச்சு: கடல் தண்ணியில இரும்பும் செம்பும் நேராத் தொடக் கூடாது. ஏன்னு யாருக்கும் தெரியாது. மின்சாரம்னா என்னன்னே சரியாத் தெரியாத காலம் அது.

எங்க அப்பா கார் எர்த் பாயின்ட்ல நடந்ததும் அதேதான். செம்பு வளையம், இரும்பு போல்ட், உப்புக் காத்து. காகிதம் மட்டும் இல்ல.

காரணம் தெரிய நாற்பது வருஷம் ஆச்சு, அதுவும் ஒரு சண்டையில. இத்தாலியில போலோனியா நகரத்துல கால்வானி, செத்த தவளையோட காலை ரெண்டு விதமான உலோகத்தால தொட்டா அது துள்ளுதுன்னு பார்த்து, 1791ல எழுதினார். தவளைக்குள்ள மின்சாரம் இருக்குன்னு அவர் நினைச்சார். வோல்ட்டா ஒத்துக்கல. மின்சாரம் தவளையில இல்ல, ரெண்டு உலோகமும் சேர்றதுல இருக்குன்னார். அதை நிரூபிக்க, ஒரு வட்டம் துத்தநாகம், ஒரு வட்டம் வெள்ளி, நடுவுல உப்புத் தண்ணியில நனைச்ச அட்டை, மறுபடியும் அதே வரிசைன்னு அடுக்கினார். தவளையே இல்லாம மின்சாரம் வந்துச்சு. 1800 மார்ச்ல லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உலகத்தோட முதல் பேட்டரி அதுதான்.

இப்ப அந்த அடுக்கையும் எங்க எர்த் பாயின்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி. நாம அழுக்குன்னு சொல்றது, நாம கேக்காமலே கார்க்குள்ள உருவான இன்னொரு பேட்டரி. அதுல எது சுலபமா எலக்ட்ரானை விட்டுக் கொடுக்குதோ, அந்த உலோகம் கரையும். இரும்பும் செம்பும் சேர்ந்தா இரும்பு கரையும். துத்தநாகமும் இரும்பும் சேர்ந்தா துத்தநாகம் கரையும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டு, முதல்ல மருந்தா மாத்தப் பார்த்தவர் ஹம்ப்ரி டேவி. 1823ல பிரிட்டிஷ் கடற்படை அவர்கிட்ட, இப்ப செப்புத் தகடே கடல்ல அரிக்குது, என்ன பண்றதுன்னு கேட்டுச்சு. அவர், செம்போட சின்னச் சின்ன இரும்பு, துத்தநாகத் துண்டுகளை ஒட்டி வைங்க, அது கரையட்டும், செம்பு பிழைக்கும்னார். சமராங்ங்கிற கப்பல்ல செஞ்சு பார்த்தாங்க. கணக்கு சரியா வந்துச்சு, செம்பு கரையல. ஆனா கப்பல் முழுக்கப் பாசியும் சிப்பியும் ஏறி, வேகம் போச்சு. செம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு கடல்ல விஷமா கலந்ததுதான் அதுவரைக்கும் சிப்பியை விரட்டியிருக்கு! டேவியோட துண்டுகளைக் கழட்டச் சொல்லிட்டாங்க. பாவம், வேதியியல்ல ஜெயிச்சு உயிரியல்ல தோத்த மனுஷன்.

ஆனா அவர் சொன்ன விஷயம் செத்துப்போகல. ஈரம் இருக்கிற வரைக்கும் ஏதாவது ஒண்ணு கரைஞ்சே தீரும். எது கரையணும்னு தீர்மானிக்கிறது மட்டும்தான் நம்ம கையில. கார் வயரிங்கோட நூறு வருஷக் கதையை இந்த ஒரு கண்ணாடி போட்டுப் பார்த்தா நல்லாப் புரியுது.

உதாரணத்துக்கு, பழைய பிரிட்டிஷ் கார்கள்ல ஒரு வினோதம் உண்டு. இன்னைக்கு நம்ம கார்ல பேட்டரி மைனஸ்தான் பாடியில கட்டியிருக்கும். 1930கள்ல பிரிட்டிஷ் கம்பெனிகள் பலது அதைத் தலைகீழா மாத்தி, ப்ளஸ்ஸைப் பாடியில கட்டினாங்க. சொல்லப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு அரிப்பு. ஈரத்துல நனைஞ்ச வயர் ப்ளஸ்ஸா இருந்தா, அதுல இருக்கிற செம்பு கரைஞ்சு வெளியே போகும். மைனஸா இருந்தா போகாது. அப்ப மெல்லிசான வயரை மைனஸ் ஆக்கிட்டு, தடிமனான பாடியைப் பலி கொடுக்கலாம்ல? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இன்னைக்கும் இதே கணக்குதான். ப்ளஸ்ஸை மண்ணுல இறக்கிட்டு, லைன்ல மைனஸ் 48 வோல்ட் விடுறாங்க. அம்பாசடரோட தாய் வண்டியான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3 அந்த ப்ளஸ் எர்த் குடும்பத்துல வந்ததுதான். 1960கள்ல ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் வந்தப்ப, உலகமே மைனஸ் எர்த்துக்குத் திரும்பிடுச்சு. நம்ம மெல்லிசு வயர் மறுபடியும் பலிபீடத்துல. இப்ப ஒரு பழைய கார் கனெக்டரைத் திறந்து பாருங்க. எப்பவும் ப்ளஸ் வந்துக்கிட்டே இருக்கிற பின்தான் பெரும்பாலும் மத்ததைவிட மோசமா பச்சை பிடிச்சிருக்கும். காரணம் இதுதான்.

அந்தப் பிரிட்டிஷ் கார்களுக்கு வயரிங் சாமான் போட்ட லூக்காஸ் கம்பெனிக்கு "இருட்டின் இளவரசன்"னு கார் பிரியர்கள் வச்ச கேலிப் பேர் ஒண்ணு உண்டு. என்னைக் கேட்டா, பழி முழுக்க அவங்க மேல போடுறது நியாயம் இல்ல. பித்தளைத் தோட்டா மாதிரி ஒரு முனை, அதைச் சொருக ஒரு சின்ன உலோகக் குழாய், மேல ரப்பர் உறை. அன்னைக்கு இருந்த அறிவுக்கு அது மோசமான கனெக்டர் இல்ல. அதை முப்பது வருஷம் மழையில நிறுத்தினது யாரு?

பித்தளைன்னதும் நம்ம வீட்டுக்கு வந்துடலாம். களிம்புங்கிற வார்த்தை நமக்குப் புதுசு இல்ல. செம்புப் பாத்திரத்துல வர்ற பச்சை, களிம்பு. சைவ சித்தாந்தத்துல உயிரோட ஒட்டியிருக்கிற ஆணவத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வாங்க. செம்பு இருக்கிற நாள் முதலா களிம்பும் கூடவே இருக்குதாம். கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒத்துக்க மாட்டார், ஈரமும் காத்தும் வந்தாத்தான் களிம்பு வரும்பார். புதுப்பேட்டை அண்ணன் யார் பக்கம்னு நான் கேக்கல.

நம்ம பாட்டிங்க அந்தக் களிம்புக்குப் பண்ண ஏற்பாடு ஈயம் பூசுறது. பேச்சுல ஈயம்னாலும் அது வெள்ளீயம். புளிக் கரைசல் பித்தளையைத் தொடாம நடுவுல ஒரு மெல்லிசு வெள்ளீயப் பூச்சு. தெருவுல "ஈயம் பூசலையோ"ன்னு கூவிக்கிட்டு வந்த ஆளும், இன்னைக்கு கனெக்டர் செய்யற ஃபேக்டரியும் பண்றது ஒரே வேலைதான். கார் கனெக்டருக்குள்ள இருக்கிற வெள்ளி நிறப் பின்கள் பெரும்பாலும் வெள்ளீயம் பூசின செம்புக் கலவை. பூச்சு சில மைக்ரான் தடிமன்தான் இருக்கும்.

இந்த இடத்துல ராக்னர் ஹோம்னு ஒரு ஸ்வீடிஷ் இயற்பியலாளரைப் பத்திச் சொல்லணும். பெர்லின்ல சீமென்ஸ்ல இருந்து, வாழ்க்கையில பெரும்பகுதியை ஒரே கேள்விக்குக் கொடுத்தவர்: ரெண்டு உலோகம் தொட்டுக்கும்போது உண்மையில எங்க தொட்டுக்குது? நம்ம கண்ணுக்கு வழவழன்னு தெரியற பின், நுணுக்கிப் பார்த்தா மலைத்தொடர். ரெண்டு பின் சேர்றது, ஒரு மலைத்தொடரைத் தலைகீழாத் திருப்பி இன்னொண்ணு மேல கவிழ்த்த மாதிரி. சில உச்சிகள் மட்டும்தான் தொடும். மொத்தக் கரண்டும் அந்தச் சில உச்சிகள் வழியாத்தான் போகணும். அந்த உச்சிகள்ல களிம்பு ஏறினா முடிஞ்சுது.

வெள்ளீயத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கு. அது மெத்துனு இருக்கும், ஆனா அதுமேல படியற ஆக்சைடு கெட்டியான ஓடு. எஞ்சின் அதிர்ச்சியில பின் முடி அளவைவிடக் கம்மியா முன்னும் பின்னும் உரசும். ஒவ்வொரு உரசலுக்கும் ஓடு உடையும், புது வெள்ளீயம் காத்துல படும், அதுவும் ஓடாகும். கடைசியில பின்னுக்கு நடுவுல கறுப்புத் தூள் மட்டும் மிஞ்சும். மழையே தேவையில்ல. 1970, 80கள்ல இதை ஆராய்ச்சி பண்ணித் தள்ளினாங்க. எஃப்-16 போர் விமானத்துல எரிபொருள் வால்வு தானா மூடிக்கிட்ட சில விபத்துகளைக்கூட, தங்கம் பூசின முனையும் வெள்ளீயம் பூசின பின்னும் சேர்ந்து அரிச்சதோட தொடர்புபடுத்திப் பேசியிருக்காங்க. தங்கத்தோட சேர்ந்தா பாவம் வெள்ளீயம்தான் கரையும்.

கார்க்காரங்களுக்கு இது உறைச்சது கம்ப்யூட்டர் வந்தப்பதான். பல்பு சில ஆம்பியர் இழுக்கிற முரடன், கொஞ்சம் அழுக்கு இருந்தா மங்கலாவாவது எரிஞ்சு காட்டிக் கொடுக்கும். ஆனா 1970கள்ல புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த ஆக்சிஜன் சென்சார் பேசுறதே ஒரு வோல்ட்டுக்குள்ள. அந்த மெல்லிய சத்தம் களிம்பைத் தாண்டாது. தாண்டலைன்னு கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அது தப்பான கணக்கை நம்பி பெட்ரோலை ஊத்தும். அதனாலதான் 1980கள்ல இருந்து ஒவ்வொரு வயருக்கும் ரப்பர் சீல் வச்ச கனெக்டர்கள் பரவுச்சு. எது கரையணும்கிற வாதத்தை விட்டுட்டு, தண்ணியையே உள்ள விடாத வழி. நம்ம ஊர்ல 2000ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தப்ப அதுவும் கூடவே வந்துச்சு.

அந்த சீலுக்குத் துணையா இருக்கிற சிலிக்கான் கிரீஸ் இன்னும் பழசு. ரெண்டாம் உலகப்போர்ல விமானங்கள் உயரத்துல பறக்கும்போது, ஈரத்தால இக்னிஷன் மின்சாரம் கசிஞ்சு எஞ்சின் திணறுச்சு. அதைத் தடுக்கப் பூசின பசைதான், 1943ல தொடங்கின டௌ கார்னிங் கம்பெனியோட முதல் சரக்கு. அதுக்கும் முன்னாடி பேட்டரி முனைக்கு வாஸ்லின் தடவுறது வழக்கம், நம்ம மெக்கானிக்குங்க இன்னைக்கும் தடவுறாங்க. தமிழ்ல தடவுற மருந்துக்கும் களிம்புன்னுதான் பேரு. நோயும் களிம்பு, மருந்தும் களிம்பு!

சரி, அண்ணன் என்ன பண்ணார்? முதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டினார். எர்த் பாயின்ட்ல துருவை வெறும் இரும்பு பளபளக்கிற வரைக்கும் சுரண்டினார், புது போல்ட் போட்டார். வளையத்து வயரோட உறையை ஒரு அங்குலம் உரிச்சுப் பார்த்தா, உள்ள செம்பு கறுத்திருந்துச்சு. திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி வயர் தண்ணியை உள்ள இழுத்திருக்கு. செம்பு நிறம் தெரியற வரைக்கும் வெட்டித் தள்ளிட்டு, புது வளையத்தை கிரிம்ப் பண்ணி இறுக்கினார். "ஏன்ண்ணே சால்டர் வைக்கல?"ன்னேன். சால்டர் வயருக்குள்ள ஊறி விறைப்பாயிடும், அதிர்ச்சியில அந்த ஓரத்துல ஒடியும்னார். மேல கிரீஸ்.

ஹெட்லைட் கனெக்டர் பின்னுக்கு உப்புத்தாள் எடுக்கப் போனேன், கையைத் தட்டி விட்டார். தேய்ச்சா பச்சையோட சேர்ந்து வெள்ளீயமும் போயிடும், அடுத்த மழைக்குள்ள செம்பு மறுபடியும் பச்சையாகும். கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு, காய வச்சு, நாலஞ்சு தடவை சொருகி எடுத்து, லேசா கிரீஸ் தடவினா போதும். யூடியூப்ல வினிகர் ஊத்துறாங்களே, நாங்க புளி போட்டுத் தேய்க்கிறோமேன்னு கேட்டேன். பாத்திரத்தை அப்புறம் கழுவுவே, கனெக்டரைக் கழுவுவியான்னார். மூலையில தங்கற அமிலமும் ஈரமும் அடுத்த பேட்டரியைக் கட்ட ஆரம்பிச்சிடும்.

உங்க கார்லயும் பார்க்கணும்னா ஒரு மல்டிமீட்டர் போதும். ஓம்ஸ்ல அளக்காதீங்க. இருபது இழை வயர்ல ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் நல்லாயிருக்குன்னுதான் சொல்லும். லைட்டைப் போட்டுட்டு, வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை பல்போட எர்த் வயர்லயும் வைங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. எங்களுக்கு ரெண்டு வோல்ட் கிட்ட காட்டுச்சு. 55 வாட் பல்புக்கு வழியில அரை ஓம் தடை இருந்தாலே அவ்வளவு போயிடும். வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமா விழும். 12க்கு 10 வோல்ட் வந்தா, ஏறக்குறைய பாதி வெளிச்சம்தான் மிஞ்சும். மாடு ஏன் பத்தடியில தெரிஞ்சுதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி அப்பாதான் ஓட்டிக்கிட்டு வந்தார். சைதாப்பேட்டை தாண்டி இடது பக்கம் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டார். ரெண்டு பேருமே எதுவும் பேசாம ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தோம். ஹெட்லைட் அசையல. கொஞ்ச தூரம் போனதும், "ரேடியோ மட்டும் இன்னும் கரகரங்குதுடா"ன்னார்.